எரிதிரவங்களும் நமது அசிரத்தையும்

வருஷந்தோறும் ஏப்ரல் மாதம் 14-ந் தேதி தொடங்கி ஒரு வாரம் நமது தேசமெங்கும் தீயணைப்பு வாரம் அனுஷ்டிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் அந்நாள் சித்திரைப் பிறப்பின் கோலாகலத்தில் கழிந்துவிடுவதால், அவ்வாரம் ஏன் அத்தேதியில் தொடங்குகிறது என்பதை அறிந்தவர் சிலரே. 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, பம்பாய் விக்டோரியா துறையில் நின்ற 'போர்ட் ஸ்டிகீன்' என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றி வெடித்தது. சுமார் 1,400 டன் வெடிமருந்தும், பஞ்சுப் பொதிகளும், எண்ணெய்ப் பீப்பாய்களும் அந்த ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. அபாயச் சரக்கு உள்ளது என்று அறிவிக்கும் சிவப்புக் கொடி ஏற்றப்படவில்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், தீயை அணைக்கச் சென்ற வீரர்களில் 66 பேர் திரும்பவில்லை. அவர்களுடைய ஞாபகார்த்தமாகவே தீயணைப்பு வாரம் அத்தேதியில் தொடங்குகிறது.

அன்று நடந்த தவறுகளை ஒரு கடுதாசியில் எழுதினால் மூன்று வரிகளுக்கு மேல் வராது. சேரக் கூடாத பொருள்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தது ஒன்று. உள்ளே இருப்பது இன்னதென்று வெளியே தெரிவிக்காதது இரண்டு. அபாயத்தை இறக்கி அப்புறப்படுத்தாமல் நாளைக் கடத்தியது மூன்று. கப்பலில் நடந்த இந்த மூன்று தவறுகளும் நம் வீட்டுப் பரணிலும், மாடிப்படியின் அடியிலும், பட்டறை மூலையிலும் தினந்தோறும் நடந்துவருகின்றன என்று நாம் சொன்னால், நேயர்கள் அதை மிகையென்று கருதக் கூடும். மிகையன்று என்பதற்கு நமது அச்சுக்கூடமே சாக்ஷி.

பிறருக்குப் புத்தி சொல்லப் புகுமுன் நம்முடைய குற்றத்தை ஒப்புக்கொள்வதே முறை. அச்சு யந்திரத்தின் உருளைகளில் படிந்த மையைத் துடைக்கப் பெட்ரோல் உபயோகிப்பது அச்சுத் தொழிலில் நெடுநாள் வழக்கம். நமது அச்சுக்கூடத்திலும் அது வெகு காலமாக ஒரு சோடா பாட்டிலில், யந்திரத்தின் காலடியில் வைக்கப்பட்டிருந்தது. நாம் அதைப் பல முறை பார்த்திருக்கிறோம். ஒரு முறையும் அதைப்பற்றி யோசித்ததில்லை. ஒரு கோடை நாள் மத்தியானம், புதிதாக வேலைக்கு வந்த வாலிபன் ஒருவன் தாகம் தாங்காமல் அப்பாட்டிலை எடுத்து வாயருகே கொண்டுபோய்விட்டான். பக்கத்திலிருந்த முதிய மிஷின்மேன் ஒரே தட்டாகத் தட்டிவிட்டார். பாட்டில் உடைந்து பெட்ரோல் தரையெங்கும் ஓடிற்று. பத்தடி தூரத்தில், சுவாமி படத்தின் முன் தரையில், அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேறொருவர் பாய்ந்து சென்று அதை ஈரத் துணியால் அவித்திராவிடில், இத்தலையங்கத்தை எழுத நாமும் இருந்திருக்க மாட்டோம். அச்சிட யந்திரமும் இருந்திராது. அந்த வாலிபன் பெற்றோருக்கு நாம் என்ன பதில் சொல்லியிருப்போம்? சட்டம் படித்துத் தொழில் நடத்திய நமக்கே இவ்வளவு அசிரத்தை இருந்ததென்றால், மற்றவரை நொந்துகொள்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

இந்த விஷயத்தில் ஜனங்களிடையே உள்ள முதல் தப்பெண்ணம், எண்ணெய் எரிகிறது என்பது. உண்மையில் எரிவது திரவமன்று. அதிலிருந்து எழும் ஆவி. ஒவ்வோர் எரிதிரவத்துக்கும், பற்றக்கூடிய அளவு ஆவியை வெளியிடத் தொடங்கும் உஷ்ணநிலை ஒன்று உண்டு. பெட்ரோலுக்கு அது சைபருக்குக் கீழே சுமார் 40 டிகிரி சென்டிகிரேட். அதாவது, தமிழ்நாட்டில் எந்த மாதத்திலும், எந்த நேரத்திலும், திறந்து வைத்த பெட்ரோல் தீக்குச்சிக்குத் தயாராகவே இருக்கிறது. சாராய வகைகளுக்கு அது சுமார் 13 டிகிரி. பெயின்டர்கள் உபயோகிக்கும் தின்னர்களில் பெரும்பாலானவை பெட்ரோலின் பங்காளிகளே. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி கலந்தாலே போதும், அது பற்றும். அன்றியும் அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. புகையைப்போல் மேலே சென்று ஜன்னல் வழியாக வெளியேறாது. தண்ணீரைப்போல் தரையோடு தவழ்ந்து, பள்ளம் கண்ட இடத்தில் தேங்கி நிற்கும். அமெரிக்கனுக்கும் ஆங்கிலேயனுக்கும் இடுப்பு உயரத்தில் அடுப்பு. நம் நாட்டிலோ குத்துவிளக்கும், அகலும், பல வீடுகளில் அடுப்புங்கூடத் தரையிலேயே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஆவி, அடுத்த அறையிலுள்ள விளக்கைத் தேடிச் சென்று, அங்கே பற்றி, வந்த வழியே திரும்பி வந்து பாத்திரத்தைச் சேர்வது இதனாலேயே. "நெருப்பு வெகு தூரத்தில் இருந்தது" என்று பின்னர் புலம்புவோர் பொய் சொல்வதில்லை. ஆவியின் குணத்தை அறியாதிருந்தார்கள், அவ்வளவே.

இரண்டாவது தப்பெண்ணம், சீமெண்ணெய் சாது என்பது. பெட்ரோலோடு ஒப்பிட்டால் அது உண்மையே. ஆயினும் இந்தியத் தரநிர்ணயத்தின்படி மண்ணெண்ணெயின் ஆவி பற்றும் உஷ்ணநிலை 35 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பதுதான் நிபந்தனை. மார்கழியில் இது போதுமான பாதுகாப்பு. அக்கினி நக்ஷத்திரத்தில்? வேலூரிலும் திருத்தணியிலும் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் காலத்தில், தகரக் கூரையின் கீழ் வைத்த மண்ணெண்ணெய் டின் எந்த நிலையில் இருக்கும்? நமது சட்டம் பெட்ரோலிய வகைகளை 23 டிகிரியை எல்லையாகக் கொண்டு 'ஏ' என்றும் 'பி' என்றும் பிரிக்கிறது. இந்த 23 டிகிரி எங்கிருந்து வந்தது? 1879-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு, ஸர் பிரெடெரிக் ஏபெல் என்ற ரஸாயன நிபுணரின் கருவியைக்கொண்டு 73 டிகிரி பாரன்ஹீட்டை எல்லையாக வகுத்தது. அதை நமது அளவில் கணக்கிட்டால் ஏறக்குறைய 23 டிகிரியாகும். லண்டனில் அது உஷ்ணமான நாள்; சென்னையில் அது மார்கழி விடியற்காலை. சட்டத்தை நாம் குறை கூறவில்லை; எங்கேனும் ஓர் எல்லை வகுத்தேயாக வேண்டும். 'பி' வகுப்பு என்று புத்தகத்தில் எழுதியிருப்பதால் நம் ஊர் வெயிலில் அது சாதுவாகிவிடாது என்பதையே வற்புறுத்துகிறோம்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்படி, விற்பனைக்கல்லாமல் சொந்த உபயோகத்துக்காக 30 லிட்டருக்கு மேற்படாத 'ஏ' வகுப்புப் பெட்ரோலியத்தை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம். ஆனால் அதைக் கண்ணாடி, பீங்கான்மண், உலோகம் ஆகியவற்றால் ஆன, இறுக மூடிய பாத்திரங்களில்தான் வைக்க வேண்டும். கண்ணாடியும் மண்ணுமானால் பாத்திரம் ஒரு லிட்டருக்கு மேற்படக் கூடாது. உலோகமானால் 25 லிட்டர். பிளாஸ்டிக் என்ற சொல் அப்பிரிவில் இல்லவே இல்லை. விற்பனைக்கென்றால் இந்தச் சலுகையே கிடையாது. தெருமுனைப் பெட்டிக்கடையில் குடிநீர் பாட்டில்களில் பெட்ரோல் நிரப்பி வரிசையாக வைத்து விற்கிறவர், ஒரே ஒரு பாட்டில் விற்றாலும், லைசென்ஸ் இல்லையேல் சட்டத்தை மீறியவரே. 6-ஆவது பிரிவு, பாத்திரத்தின்மேல் 'பெட்ரோல்' என்று தெளிவாக எழுதப்பட வேண்டும் என்கிறது. ஆனால் 10 லிட்டருக்குக் குறைந்த, விற்பனைக்கல்லாத பாத்திரங்களுக்கு விலக்கு அளித்துவிடுகிறது. வீட்டில் இருப்பதெல்லாம் அத்தகைய சிறு பாத்திரங்களே; குழந்தையின் கைக்கு எட்டுவதும் அவைகளே. சட்டம் விட்ட இடத்தை வீட்டுக்காரரின் விவேகம் நிரப்ப வேண்டும். ஒரு துண்டுக் காகிதமும் சிறிது பசையும் எவருக்கும் எட்டாத செலவன்று.

வீட்டு விஷயத்தில் நாம் சொல்ல வேண்டியவை சிலவே. தண்ணீரோ பானகமோ குடித்த பாட்டிலில் எரிதிரவம் எதையும் ஒருபோதும் ஊற்றக் கூடாது. மண்ணெண்ணெயைத் தண்ணீரென்று எண்ணிக் குடித்த குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வருவது நமது டாக்டர்களுக்குப் புதிதன்று. அப்போது வாந்தி எடுக்கவைப்பதே பெரும்பாலோர் செய்யும் தவறு. அவ்வெண்ணெய் சுவாசப்பைக்குள் புகுந்துவிட்டால் அதுவே பிராணாபாயம். விரலை வாயில் விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளிலிருந்து ரப்பர் குழாயை வாயில் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சும் வாலிபர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். எரிகிற ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றலாகாது. அணைத்து, ஆறவிட்டு, பின்னரே ஊற்ற வேண்டும். எரிகிற குப்பையின்மேலும் அடுப்பின்மேலும் பெட்ரோலை விசிறுவது தற்கொலைக்குச் சமானம். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிய காலந்தொட்டு நம் இல்லங்களில் புகுந்த கை சுத்திகரிப்புத் திரவத்தில் பெரும் பங்கு சாராயமே. அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கையில் தடவியது உலருமுன் அடுப்பருகே செல்லலாகாது என்பதைப் பெண்மக்களுக்கு எடுத்துச் சொல்லுவது குடும்பத் தலைவர்களின் கடமை. அடுப்பங்கரைக்குள் செல்லும் ஆண்மக்கள் தாமும் அறிந்துகொள்வது அதனினும் நன்று.

தொழிற்கூடங்களின் நிலைமை இதைவிட மோசமானது. காலிப் பீப்பாய் என்றால் அபாயம் நீங்கியது என்று நினைக்கிறார்கள். நிரம்பிய பீப்பாயில் ஆவி கலப்பதற்கு வேண்டிய காற்று இல்லை. காலிப் பீப்பாயில் ஆவியும் காற்றும் சரியான விகிதத்தில் கலந்து நிற்கின்றன. அதன்மேல் வெல்டிங் பொறி பட்டால் பீப்பாய் வெடிகுண்டாகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, எரிபொருள் இருந்த பாத்திரத்தையும் தொட்டியையும் முற்றிலும் சுத்தம் செய்து ஆவியை வெளியேற்றிய பின்னரன்றி அதில் வெல்டிங் வேலையோ வெட்டும் வேலையோ செய்யலாகாது என்று விதித்தது. சட்ட நூல்கள் பின்னர் மாற்றி எழுதப்பட்டாலும், பீப்பாய்க்குள் இருக்கும் ஆவி தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சாலையோர வெல்டிங் பட்டறைகளில் இந்த விதியை அறிந்தவர் எத்தனை பேர்? தச்சுப்பட்டறையில் ஆளிவிதை எண்ணெயில் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்தால், வெளியிலிருந்து நெருப்பு எதுவும் படாமலே அவை தாமாகச் சூடேறிப் பற்றும். 1991-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் வானளாவிய மாளிகை ஒன்று இவ்வாறு மூலையில் போட்ட துணியிலிருந்தே எரியத் தொடங்கி, தீயணைப்பு வீரர் மூவரைப் பலி கொண்டது. அத்துணிகளை மூடியுள்ள இரும்பு வாளியில் தண்ணீர் விட்டு வைப்பதோ, வெளியே தனித்தனியாக விரித்து உலர்த்துவதோ கஷ்டமான காரியமா? ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரில் பெட்ரோல் ஊற்றுவதும், மூடிய அறையில் தின்னர் கலப்பதும், கேனை வண்டியின் மேலேயே வைத்துக்கொண்டு நிரப்புவதும் இந்த வகுப்பைச் சேர்ந்த பாபங்களே. கேனைத் தரையில் இறக்கி வைத்து நிரப்பினால் மின்சாரப் பொறி பறக்கும் அபாயம் குறைகிறது. கழுத்துவரை நிரப்பாமல் சிறிது இடம் விட்டால் வெயிலில் விரியும் எண்ணெய் பிதுங்கி வழியாது.

வறுமையும் பேராசையும் இவ்விஷயத்தில் கைகோத்துக்கொள்வதையும் மறைக்க முடியாது. 2017-ஆம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி, பாகிஸ்தானத்தில் பகவல்பூருக்கு அருகே அகமதுபூர் கிழக்கு என்ற ஊரில் டாங்கர் லாரி ஒன்று கவிழ்ந்தது. வழிந்தோடிய பெட்ரோலைக் குடங்களிலும் வாளிகளிலும் மொள்ளக் கிராமமே திரண்டது. சற்று நேரத்தில் அது பற்றி எரிய, 200-க்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். அவர்களோ எரியாத எண்ணெயைப் பிடுங்கப் போய்த் தாங்களே எரிந்தனர். அவர்களைப் பழிப்பதற்காக நாம் இதை எழுதவில்லை. ஒரு குடம் பெட்ரோலின் விலை ஒரு வாரத்து ஜீவனமாக இருக்கும் ஏழைக்கு, ஆவியின் குணத்தை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர்கள் நாமே.

இங்கே பத்திரிகைகளின் குற்றமும் ஒன்று உண்டு. "ஸ்டவ் வெடித்து இளம் பெண் மரணம்" என்ற நாலு வரிச் செய்தியை நம் பத்திரிகைகள் பல வருஷங்களாக, மாறாத அச்சுருவில் வெளியிட்டு வந்தன. வீட்டில் ஸ்டவ்வை எல்லோருமே தொட்டிருக்க, மருமகள் தொடும்போது மட்டும் அது ஏன் வெடிக்கிறது என்று கேட்டவர் முதலில் சிலரே. அக்கேள்வி பலத்த பிறகே, 1986-ஆம் ஆண்டில், வரதக்ஷிணை மரணம் என்ற தனிக் குற்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304-பி பிரிவாகச் சேர்ந்தது. இப்போதைய பாரதிய நியாய சம்ஹிதையில் அது 80-ஆவது பிரிவாக நிற்கிறது. தீ விபத்து ஒவ்வொன்றையும் விபத்து என்று எழுதிவிட்டு எழுந்து போகும் பழக்கம் இருவகையில் கேடு. குற்றவாளி தப்புகிறான், மெய்யாகவே ஸ்டவ்வில் கோளாறு இருந்தாலோ, மண்ணெண்ணெயில் பெட்ரோல் கலந்திருந்தாலோ, அதுவும் கண்டுபிடிக்கப்படாமல் அடுத்த வீட்டுக்குச் செல்கிறது. ஆகவே தீயினால் நேரும் ஒவ்வொரு மரணத்திலும் பாத்திரம், எண்ணெய், அடுப்பு மூன்றும் பரீக்ஷிக்கப்பட வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் தீ மூண்டுவிட்டால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். எண்ணெய்த் தீயின்மேல் தண்ணீரைக் கொட்டலாகாது; எண்ணெய் தண்ணீரின்மேல் மிதந்து தீயை நாலாபக்கமும் பரப்பும். மணல், ஈரமான கனத்த சாக்கு, நுரை, உலர்ந்த ரஸாயனப் பொடி இவையே அதற்குச் சத்துரு. வாணலியில் எண்ணெய் பற்றினால் அடுப்பை அணைத்து வாணலியைத் தட்டால் மூடவேண்டும்; தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. உடையில் பற்றியவர் ஓடினால் தீ வளரும். தரையில் படுத்து உருள வேண்டும். வெந்த இடத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிஷமாவது விட வேண்டும். மையும், மாவும், பற்பசையும் தடவுவது டாக்டரின் வேலையை இரட்டிப்பாக்கும். பெட்ரோல் கொட்டிய அறையில் மின்சார ஸ்விட்சைத் தொடாமல், விளக்கை அவித்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108 என்ற எண்களைச் சுவரில் எழுதி வைப்பது நன்று. கலவரத்தில் மனப்பாடம் உதவாது.

"இதெல்லாம் பணக்காரர் பேச்சு, ஏழைக்கு இரும்புக் கேன் வாங்க ஏது வழி?" என்று சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வியே. இரும்புக் கேன் வாங்க வழியில்லாதவர்க்கு இன்னும் மலிவான மார்க்கம் ஒன்று உண்டு. வேண்டாத எண்ணெயை வீட்டில் வைக்காதிருப்பது. நாளைக்கு விலை ஏறும் என்றோ, பங்கு மூடப்படும் என்றோ வதந்தி கேட்டு ஐந்து லிட்டர் பெட்ரோலைப் படுக்கையறையில் வைப்பவர், மிச்சம் பிடிக்கும் சில ரூபாய்க்காகக் குடும்பத்தையே ஈடு வைக்கிறார். இன்றைய வேலைக்கு வேண்டியது இன்று. மிஞ்சியது வீட்டுக்கு வெளியே, நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், பூட்டிய பெட்டியில். இதற்குச் செலவு வேண்டாம், சிரத்தை வேண்டும்.

சர்க்காருக்கும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் நமது விண்ணப்பம் மூன்று. இறுக மூடக்கூடிய, பெயரெழுதிய உலோகக் கேன்கள் பெட்ரோல் பங்குகளிலும் பெயின்ட் கடைகளிலும் சகாய விலைக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். பெட்டிக்கடைப் பெட்ரோல் வியாபாரத்தை, அதனால் பிழைக்கும் ஏழைக்கு வேறு வழி காட்டிவிட்டு, நிறுத்த வேண்டும். பள்ளிக்கூடங்களில் தீயணைப்பு வீரர்களை அழைத்து, வருஷத்தில் ஒரு நாளேனும் மாணவர்களுக்குச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். மூன்றாவது விண்ணப்பத்தின் பலனை நாம் கண்ணாரக் காண்போம். குழந்தைகள் வீட்டுக்கு வந்து தாய் தந்தையரைத் திருத்துவதுபோல் எந்த உத்தரவும் திருத்துவதில்லை.

கடைசியாக, நமது பத்திரிகையை வாசிக்கும் தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்தல் காலங்களில் நீங்கள் ஏறாத படியில்லை, தட்டாத கதவில்லை. தேர்தல் இல்லாத இந்தக் கோடையில் அதே வீடுகளுக்கு மறுபடியும் செல்லுங்கள். வோட்டுக் கேட்க வேண்டாம். "அம்மா, மண்ணெண்ணெய் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது? ஐயா, பட்டறையில் தின்னர் எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். ஜனங்களின் உயிரைக் காப்பதற்கு மேற்பட்ட ராஜீயம் எதுவும் நாம் அறிந்ததில்லை. நமது அச்சுக்கூடத்தில் இப்போது சிவப்பு வர்ணம் பூசி, 'பெட்ரோல்' என்று கொட்டை எழுத்தில் எழுதிய இரும்புக் கேன் ஒன்று, விளக்குக்கும் யந்திரத்துக்கும் அப்பால், வெளித் திண்ணையில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. அந்த வாலிபன் இன்றும் நம்மிடம் வேலை பார்க்கிறான். பெட்டியின் சாவி அவனிடந்தான் இருக்கிறது.